வெள்ளம் உண்டு

1

இன்று காலை ஐசல் ஆறு கரையைத் தாண்டியிருந்தது.

இப்படி எழுதினால் ஊரில் இருப்பவர்கள் பதறிவிடுவீர்கள். பதற ஒன்றுமில்லை. நெதர்லாந்தின் கிழக்கே டெவென்தர் என்ற இந்தச் சிறு நகரத்தில், மார்கழி தையில் ஆறு ஏறுவதும் கரையோரப் புல்வெளிகளை மூடுவதும் வழக்கம்தான். ஆறு ஏறி வரட்டும் என்றே அந்த வெளிகளில் வீடு கட்டாமல் விட்டிருக்கிறார்கள். மரங்கள் முழங்கால் வரை தண்ணீரில் நிற்கும். கோடையில் மாடு மேய்ந்த இடத்தில் வாத்து மேயும். மக்கள் பிளாஸ்கில் காப்பி ஊற்றிக்கொண்டு, பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு பார்க்க வருவார்கள். வைகை அணையில் மதகு திறந்தால் நம் ஆட்கள் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பதைப் போல.

நானும் ஆண்டு தவறாமல் போய்ப் படம் எடுக்கிறேன். எந்த ஆண்டு எந்த மரம் எதுவரை முங்கியது என்று தேதி போட்டு வைப்பது என் பழக்கம். யாரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்லலாம் என்றுதான்.

இன்றைய படத்தை மகளுக்கு அனுப்பினேன். வீட்டுக்கு வந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது.

"அப்பா, வெள்ளம் உண்டு."

நான் சிரித்தேன். மனைவி செல்வியிடம் காட்டினேன். அவளும் சிரித்தாள். அந்த இரண்டு வார்த்தைகள் எங்கள் வீட்டில் ஒரு பழைய வேடிக்கை. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். "ஆமா, வேலிக் கம்பு ஒண்ணும் தெரியல" என்று மகளுக்குப் பதில் போட்டேன். அவள் ஒரு சிரிப்பு முகம் அனுப்பினாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

வேடிக்கையைச் சொல்வதற்கு முன் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். மகள் தேன்மொழி இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தோழிகள் லோட்டே, ஃபெம்கெ இருவரோடும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வெப்பநாடு ஒன்றைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினாள். தோழிகள் கையில் டச்சு மொழியில் ஒரு தடித்த பயண வழிகாட்டி. கொச்சி, ஆலப்புழை, மூணாறு, தேக்கடி, மறுபடி கடற்கரை. இந்த நிமிடம் மூன்று பேரும் குமுளியில் இருக்கிறார்கள்.

குமுளியில்! ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குமுளி கேரளத்தின் விளிம்பு. சோதனைச் சாவடியைத் தாண்டினால் மலைப்பாதை. வளைந்து வளைந்து இறங்கினால் லோயர் கேம்ப். அடுத்தது கூடலூர். என் ஊர். என் அக்கா வீடு. குமுளியில் நின்று தும்மினால் கூடலூரில் 'நூறாயுசு' சொல்லலாம் என்பார் மச்சான். ஆனால் அந்த வழிகாட்டியின் வரைபடத்தில் தேக்கடிக்குக் கிழக்கே வெறும் வெள்ளைத்தாள்.

"நாளைக்கு என்ன பிளான்?" என்று நேற்று அவளிடம் கேட்டேன். "படகு, அப்புறம் ஏலத்தோட்டம்" என்றாள். கீழே இறங்குவாயா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. செல்வி சமையலறையிலிருந்து கையை ஆட்டினாள். கேட்காதே என்று அர்த்தம்.

போனை வைத்த பிறகு சொன்னாள்: "போன்னு நீங்க சொன்னா அவ போவா. போனா உங்களுக்காகப் போனதாத்தான் இருக்கும். அவளா போகணும்."

"அவளா போகலைன்னா?"

"போகல. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொல்வது எளிது. ராத்திரி நான் எழுந்து பார்த்தபோது அவளும் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

2

நான் பிறந்தது மதுரை மாவட்டத்தில். என் பிறந்த வீடு இருப்பது தேனி மாவட்டத்தில். இரண்டும் ஒரே வீடு.

இந்தச் சிறிய உண்மையை நெதர்லாந்து அரசாங்கத்துக்கு விளங்க வைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு மாவட்டம், வீட்டு முகவரிச் சான்றில் இன்னொரு மாவட்டம். நகராட்சி அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எந்த வருடம் குடிபெயர்ந்தீர்கள்?"

"குடிபெயரவில்லை."

"இங்கே தேதி போட்டால்தான் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகும்."

"1997 ஜனவரி ஒன்றாம் தேதி என்று போடுங்கள். ஆனால் அன்றைக்கு நான் நகரவில்லை. மாவட்டம்தான் நகர்ந்தது."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். தகராறு வரப்போகிறது என்று நினைத்தேன். "எங்கள் நாட்டிலும் அப்படி உண்டு" என்றார். "கடலுக்கடியில் இருந்த நிலத்தை வெளியே எடுத்து, அதற்கு ஒரு புது மாகாணமே வைத்தோம். 1986 ஜனவரி ஒன்று. என் அக்காவுக்கு அன்றைக்கு மாகாணம் மாறிவிட்டது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்."

தேதியை நினைவு வைத்திருக்கும் ஓர் ஆளை இந்த நாட்டில் அன்றுதான் முதலில் சந்தித்தேன். அவர் தேதிப் பெட்டியில் 1997 ஜனவரி ஒன்று என்று அடித்தார். அரசாங்கத்தின் கணக்கில் நான் அன்றைக்கு மதுரையிலிருந்து தேனிக்குக் குடிபோனவன். இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.

மகளுடைய தமிழும் கிட்டத்தட்ட இப்படித்தான் இடம் மாறியது. வீட்டில் நாங்கள் பேசுவது கம்பம் பள்ளத்தாக்குப் பேச்சு. வந்தாக, போனாக, சொன்னாக. அவளும் அப்படியே பேசினாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒரு கட்டுரையில் "என் அத்தை வந்தாக" என்று எழுதிவிட்டாள். ஆசிரியை சிவப்பு மையில் 'வந்தார்கள்' என்று திருத்தி, பேச்சில் 'வந்தாங்க' என்றும் சொல்லலாம் என்று ஓரத்தில் எழுதியிருந்தார். எழுத்துக்கு அவர் சொன்னது சரிதான். எனக்கு வருத்தமில்லை. ஆனால் மகள் அன்றோடு வீட்டிலும் 'வந்தாக'வை விட்டுவிட்டாள். நான் "யாரு வந்தாக?" என்று கேட்டால் அவள் "பக்கத்து வீட்டுக்காரங்க வந்தாங்க" என்று சென்னைக்காரியைப்போல் பதில் சொல்வாள். அதன் பிறகு தமிழே குறைந்தது. அறைக்குள் டச்சு, சாப்பாட்டு மேசையில் மட்டும் தமிழ்.

3

அருவிக் கதைக்கு வருகிறேன்.

மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளுக்குத் தூங்கும் நேரக் கதை சுருளி அருவிதான். இந்த நாட்டில் மலையும் இல்லை, அருவியும் இல்லை. மூன்று மாடி உயர மண்மேட்டுக்கு 'மலை' என்று பெயர்ப்பலகை வைக்கிறவர்கள். அதனால் நானும் கொஞ்சம் தாராளமாகவே சொன்னேன். மேகமலையில் மழை பெய்யும். அந்தத் தண்ணீர் காட்டுக்குள்ளேயே ஓடி வந்து பாறையிலிருந்து குதிக்கும். கீழே நின்றால் முதுகில் யாரோ குத்துகிற மாதிரி இருக்கும். வெளியே வந்தால் நாலு இட்லி கூடச் சாப்பிடலாம்.

அவளுடைய எட்டாவது வயதில் மே மாத விடுமுறையில் ஊருக்குப் போனோம். நேராக அருவிக்குக் கூட்டிப்போனேன். பாறை இருந்தது. பாறையில் குரங்கு இருந்தது. கைக்குழந்தை எச்சில் வடிப்பதைப்போல ஓர் ஓரத்தில் ஈரம் இருந்தது.

"இதுதான் அருவி" என்றேன்.

"எங்க?" என்றாள்.

மே மாதத்தில் சுருளிக்குக் கூட்டிப்போனவன் நான். ஊர்க்காரனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியும். ஆனால் இங்கே பள்ளிக்கூட விடுமுறை எப்போதோ அப்போதுதான் நமக்குப் பருவம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'அப்பாவோட அருவி' என்று ஒரு சொல் புழக்கத்துக்கு வந்தது. இருக்கிறது என்று சொல்லப்பட்டு, போனால் இல்லாத எதற்கும் அந்தப் பெயர். பஸ் வரவில்லையா, அப்பாவோட அருவி. பிரிட்ஜில் இருந்த இனிப்பு தீர்ந்துவிட்டதா, அப்பாவோட அருவி. அவளுடைய டச்சுத் தோழிகளும் அதை அப்படியே தமிழில் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். லோட்டே ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, வைஃபை கிடைக்காமல், "அப்பாவோட் அருவி" என்றாள். நான்தான் கேபிளைச் சரிசெய்து கொடுத்தேன்.

பதினேழு வயதில், பள்ளி முடியும் ஆண்டு, அவள் சொன்னாள்: "இந்த வருஷம் உங்களோட ஊருக்கு வர்றேன் அப்பா. அடுத்த வருஷத்துல இருந்து லீவுக்கு ஃப்ரெண்ட்ஸோடதான்." கோபமாகச் சொல்லவில்லை. நாட்காட்டியைப் பார்த்துச் சொல்வதைப்போலச் சொன்னாள்.

இந்த முறை அக்டோபர் விடுமுறை. ஐப்பசி. தண்ணீர் நிச்சயம். ஒன்றே ஒன்றுதான் பயம். ஐப்பசி மழையில் அருவியில் தண்ணீர் கூடிப்போனால் வனத்துறை குளிக்கத் தடை போடும். இங்கே இருந்துகொண்டு தினமும் காலையில் நான் படிக்கும் ஊர்ச் செய்திகளில் இந்த ஒரு தலைப்பு ஒவ்வோர் ஆண்டும் வரும்: அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. எந்த மாதத்தில் எத்தனை முறை வருகிறது என்று கூட எனக்கு ஒரு கணக்கு உண்டு. அருவியை நான் பார்த்ததைவிட அருவியைப் பற்றிய தலைப்பைப் பார்த்ததுதான் அதிகம்.

4

கூடலூரில் அக்கா வீட்டில் தங்கினோம். ராசு மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். அருவிக்குப் போக அவரே ஒரு ஜீப்பு பேசிவிட்டார். டிரைவர் ஷாஜி குமுளிக்காரர். குமுளிக்கும் கம்பத்துக்கும் நடுவே ஓடுகிற ஆள். அரைப் பேச்சு தமிழ், அரைப் பேச்சு மலையாளம். எது எங்கே முடிகிறது என்று அவருக்கே தெரியாது.

சொந்தக்காரர்களைப் பார்ப்பதிலேயே ஒரு வாரம் ஓடிவிட்டது. மறுநாள் நாங்கள் மதுரைக்குக் கிளம்ப வேண்டும். அருவிக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு நாள்தான்.

ஷாஜி விடியற்காலையிலேயே வேறு ஆட்களை அருவியில் இறக்கிவிட்டிருந்தார். அங்கிருந்தே போன் பண்ணினார். பின்னால் ஒரே இரைச்சல்.

"சாரே, அருவியில நல்ல வெள்ளம் உண்டு."

"வெள்ளமா?"

"நல்ல வெள்ளம். நேத்திக்கி இத்தனை இல்ல. மலையில மழையல்லோ."

லைன் அறுந்தது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன். தினமும் படித்த தலைப்பு என் காதில் வந்து விழுந்துவிட்டது.

மச்சான் பல் துலக்கிக்கொண்டே வந்தார். "என்ன மாப்ள, கெளம்பலயா?"

"அருவியில வெள்ளமாம் மச்சான்."

"யாரு சொன்னாக?"

"ஷாஜிதான். அங்கன இருந்துதான் பேசுறாப்ல."

"அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றார் மச்சான். "ராத்திரி மேல மின்னுச்சு. நானும் பாத்தேன்."

நான் ஷாஜிக்கு 'இன்றைக்கு வேண்டாம்' என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டேன். அக்கா குளிக்கும் துண்டுகளை மடித்துப் பையில் வைத்திருந்தாள். ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். மகள் படியில் உட்கார்ந்து செருப்பு வாரைப் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"போன தடவ தண்ணி இல்ல. இந்தத் தடவ தண்ணி ரொம்ப அதிகம். சரியான தண்ணிக்கு எப்பப்பா வரணும்?"

அவள் வாரை அவிழ்த்தாள். அப்புறம், என்னை நோகடிக்காமல் மெதுவாக, "அப்பாவோட அருவி" என்றாள்.

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "ஏ புள்ள, வாரைக் கட்டு. அருவி இல்லாட்டி என்ன, உத்தமபாளையத்துல பாறையில செலை செதுக்கி வச்சிருக்காக. ஆயிரம் வருசமா அங்கனயேதான் இருக்கு. அது வெள்ளத்துல போகாது."

5

அவருடைய காரிலேயே போனோம். எனக்கு அருவி போன வருத்தம் இருந்தாலும், சரித்திரம் பேச ஓர் ஆள் சிக்கியதில் கொஞ்சம் மகிழ்ச்சியும் இருந்தது. வழியெல்லாம் பேசினேன். பின்னால் லோயர் கேம்ப் பக்கம் மலையில் இறங்கும் ராட்சதக் குழாய்களைக் கைகாட்டி, மேற்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய கதையைச் சொன்னேன். 1886 அக்டோபரில் ஒப்பந்தம், 1895 அக்டோபரில் தண்ணீர் திறப்பு. இரண்டுமே அக்டோபர், நாம் வந்திருப்பதும் அக்டோபர் என்றேன்.

"ஒப்பந்தம் எவ்வளவு காலத்துக்கு?" என்று மகள் கேட்டாள்.

"தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வருடம்."

"அது எப்ப முடியும்?"

"2885-இல்."

"அதுக்குள்ள அருவிக்குப் போயிரலாம்" என்றாள். மச்சான் ஸ்டியரிங்கில் தட்டிச் சிரித்தார்.

உத்தமபாளையத்தில் பாறைச் சுவரில் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் குடை. கீழே வட்டெழுத்தில் செய்தவர்கள், செய்யச் சொன்னவர்கள் பெயர்கள். பக்கத்திலேயே கருப்பணசாமி கோயில். சாமி கும்பிட வருகிறவர்கள் இரண்டு பக்கமும் கையெடுத்துவிட்டுப் போகிறார்கள். நான் வட்டெழுத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் கேட்டுக்கொண்டிருந்தாளா என்று தெரியவில்லை. எழுத்துகளை உற்றுப் பார்த்தவள் திடீரென்று, "இதெல்லாம் யாரு செஞ்சாக?" என்றாள்.

செஞ்சாக.

நான் பேச்சை நிறுத்தினேன். செல்வி என்னைப் பார்த்தாள். ஒரு வாரம் அத்தை வீட்டில் இருந்ததில், சிவப்பு மையில் அடித்த சொல் தானாகத் திரும்பி வந்திருந்தது. அவளுக்கே அது தெரியவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

பொங்கல் பானையோடு கோயிலுக்கு வந்த ஓர் அம்மா காதில் அது விழுந்தது. "எந்த ஊரு ஆத்தா நீ?" என்று கேட்டாள்.

"டெவென்தர்" என்றாள் மகள்.

"தேவதானப்பட்டியா? அங்கன எங்க நாத்தனா இருக்கா. பெரியகுளத்துக்கு அந்தப் பக்கம்."

மகள் ஒரு கணம் யோசித்தாள். "அதுக்கும் கொஞ்சம் அங்கிட்டு" என்றாள்.

"மழை உண்டுமா?"

"தெனமும் பெய்யும்."

"குடுத்து வச்ச ஊரு" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா அடுப்புக் கூட்டப் போனாள்.

6

மதியச் சாப்பாட்டுக்குக் கம்பத்துக்கு வந்தோம். சாப்பிட்டுவிட்டு ஒரு டீக்கடையில் நின்றோம். எதிரே ஒரு ஜீப்பு வந்து நின்றது. அதன் பக்கக் கம்பிகளில் ஈரத் துண்டுகள் தொங்கின. உள்ளே இருந்தவர்கள் தலை சொட்டச் சொட்ட இறங்கி வடை கேட்டார்கள். டிரைவர் இடத்திலிருந்து இறங்கியவர் ஷாஜி.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. "சாரே, எங்க போயி நீங்க? நான் மறுபடி விளிச்சேன், எடுக்கலயே."

"வெள்ளம்னு நீங்கதான சொன்னீக?"

"சொன்னேன். வெள்ளம் உண்டுன்னு சொன்னேன்."

"அதான் வரல."

ஷாஜி என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெள்ளம் உண்டெங்கில் அல்லே வரணும்? வெள்ளம் இல்லாத அருவிக்கு எதுக்கு சாரே வரணும்?"

"வெள்ளத்துல எப்படிக் குளிக்கிறது?"

"வெள்ளத்தில அல்லாம பின்ன எதில குளிக்கும்? பாலிலயா?"

மச்சான் வாயிலிருந்த டீ வெளியே வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏலே மாப்ள! அவன் மலையாளத்துல சொல்லிருக்கான்லே. அவுகளுக்கு வெள்ளம்னா தண்ணி!"

எனக்குத் தெரியாதா? கூடலூரில் பிறந்தவனுக்குத் தெரியாதா? சின்ன வயதில் பஸ் ஸ்டாண்ட் ஓட்டலில் குமுளிக்காரர்கள் "கொறச்சு வெள்ளம்" என்று கேட்டால் தண்ணீர் சொம்பைக் கொண்டுபோய் வைத்தவன் நான். ஆனால் இத்தனை ஆண்டுகள் வெளிநாட்டில் உட்கார்ந்து ஊரைச் செய்தித்தாளில் படித்துப் படித்து, காதில் இருந்த வெள்ளம் போய்க் கண்ணில் இருந்த வெள்ளம் தங்கிவிட்டது. போ என்று சொல்வதற்கும் போகாதே என்று சொல்வதற்கும் எங்கள் எல்லையில் ஒரே சொல்தான். எந்த வாயிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

மகளுக்கு செல்வி விளக்கினாள். அவள் கடைசியாகச் சிரிக்க ஆரம்பித்தாள். கடைசிவரை நிறுத்தவில்லை. நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு, "அப்ப இப்ப போலாமா?" என்றாள்.

மச்சான் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு தாண்டிருச்சு. அஞ்சு மணிக்கு விசில் ஊதிருவாகளே."

"ஞான் கொண்டுபோகாம்" என்றார் ஷாஜி. வடை தின்றுகொண்டிருந்தவர்களிடம், அவர்கள் கையிலிருந்த வடையைப் பார்த்தே, "நீங்க இங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்றார். அவர்கள் ஐப்பசி மாதப் பூசைக்குச் சபரிமலை போகும் கரூர்க்காரர்கள். "போய் வாங்க சாமி, இன்னும் பஜ்ஜி வரணும்" என்று வழி விட்டார்கள்.

சுருளிப்பட்டி வழியாக, இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல்கள் பின்னால் ஓட, அந்த ஜீப்பு போன வேகத்தை நான் எழுதினால் ஷாஜியின் லைசென்ஸுக்கு ஆபத்து. நுழைவாயிலில் காவலர் சீட்டு கொடுக்கும் ஜன்னலை மூடிக்கொண்டிருந்தார்.

"லேட்டாயிருச்சு சார். நாளைக்கு வாங்க."

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மகள் முன்னால் போய் நின்றாள். அவளுடைய கொஞ்சத் தமிழையெல்லாம் ஒன்றாகத் திரட்டினாள். "அண்ணே, எங்க அப்பா காலையிலயே வந்துருப்பாக. வெள்ளம்னு சொன்னாக, அதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாக. அதான் வரல."

காவலர் என்னைப் பார்த்தார். "எந்த ஊரு நீங்க?"

"கூடலூர்" என்றேன்.

"கூடலூர்க்காரருக்கா வெள்ளம் புரியல?" அவர் ஜன்னலை மறுபடி திறந்தார். "சட்டுனு போயிட்டு வாங்க. விசில் ஊதுனா வெளிய வந்துரணும். குரங்கு இருக்கு, கையில எதையும் வச்சுக்காதீக."

7

மரங்களுக்கு நடுவே பாதை. மகள் முன்னால் ஓடினாள். அருவி கண்ணில் படுவதற்கு முன்பே கேட்க ஆரம்பித்தது. அவள் நின்றாள். திரும்பி எங்களைப் பார்த்தாள். மறுபடி ஓடினாள்.

பெண்கள் பக்கம் ஒரு கம்பித் தடுப்பு, ஆண்கள் பக்கம் ஒன்று. உடுப்பு மாற்ற நேரமில்லை. அவள் ஜீன்ஸோடு, செல்வி புடவையோடு. கம்பிக்கு இந்தப் பக்கம் நானும் மச்சானும். தண்ணீர் முதுகில் குத்தியது. அது மட்டும் நான் சொன்னபடியே இருந்தது. நடுநடுவே கம்பி வழியாகப் பார்த்தேன். அவள் இரண்டு கையையும் பாறையில் ஊன்றி, தலையைக் குனிந்து, அசையாமல் நின்றாள். தண்ணீர் அவள் மேலே விழுந்து பிரிந்து போனது.

விசில் ஊதினார்கள். எல்லோரும் வெளியே வந்தார்கள். அவள் வரவில்லை. மறுபடி ஊதினார்கள். செல்வி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

பல் கிடுகிடுக்க, ஷாஜி கொடுத்துவிட்ட துண்டுக்குள்ளிருந்து மகள் சொன்னாள்: "நீங்க சொன்னதைவிடச் சின்னதுதான் அப்பா."

இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளைகள் இப்படித்தான். உள்ளதை உள்ளபடி சொல்வார்கள். நான் தலையாட்டினேன்.

"ஆனா சத்தம்" என்றாள். "சத்தத்தை நீங்க சொல்லவே இல்லையே."

உண்மைதான். அத்தனை ஆண்டுக் கதையில் சத்தத்தை நான் சொன்னதே இல்லை. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம், தனியாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

வெளியே வந்ததும் அவள் ஷாஜியின் நம்பரை வாங்கித் தன் போனில் போட்டுக்கொண்டாள். என்ன பெயரில் என்று எட்டிப் பார்த்தேன். 'வெள்ளம்' என்று போட்டிருந்தாள். அன்றிரவு அக்கா வீட்டில் அவள் எத்தனை இட்லி சாப்பிட்டாள் என்று அத்தை இன்றும் சொல்வாள். கண்பட்டுவிடும் என்று எண்ணிக்கையை மட்டும் சொல்ல மாட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் 'அப்பாவோட அருவி' போய் 'வெள்ளம் உண்டு' வந்தது. இருக்காது என்று நினைத்து, போனால் இருப்பதற்கு அந்தப் பெயர். அதன் பிறகு அவள் சொன்னபடியே விடுமுறைக்குத் தோழிகளோடு போகத் தொடங்கினாள். போர்ச்சுகல், ஒரு தடவை கிரீஸ். இப்போது குமுளி.

8

இதுவரைக்கும் எழுதியபோது மணி பதினொன்றரை தாண்டிவிட்டது. செல்வி பக்கத்தில் வந்து, காலையில் வந்த செய்தியை இன்னொரு தடவை காட்டச் சொன்னாள். காட்டினேன்.

"அப்பா, வெள்ளம் உண்டு."

"உங்க ஆத்துப் படத்துக்கா இதை அனுப்பிருக்கா?" என்றாள்.

"பின்ன?"

"அவ குமுளியில இருக்கா. 'வெள்ளம்'னு போட்ட நம்பர் அவ போன்ல இருக்கு."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். ஒரே சொல், அதே ஆள், இரண்டாம் தடவை. கூடலூர்க்காரருக்கா வெள்ளம் புரியல என்று காவலர் கேட்டது காதில் விழுந்தது.

அக்காவுக்குப் போன் போட்டேன். எடுத்தவள் ஹலோ கூடச் சொல்லவில்லை. "ஏண்டா, புள்ளைக வாராகன்னு முன்னாடியே ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? திடுதிப்புனு வந்து நிக்கிறாக. ரெண்டு வெள்ளக்காரப் புள்ளைக வேற. ஒரு புள்ள வாசல்ல நின்னு என்னமோ அருவிங்குது. நல்லவேளை சோறு இருந்துச்சு. ரசத்த டம்ளர்ல ஊத்திக் குடுத்தேன், ரெண்டு தடவ வாங்கிக் குடிச்சாக."

"எப்பக்கா வந்தாக?"

"மத்தியானமே வந்துட்டாக. அந்த ஷாஜி ஜீப்புலதான். இப்ப உங்க மச்சானையும் இழுத்துக்கிட்டு சுருளிக்குப் போயிட்டாக. நான் துண்டு குடுத்து விட்டுருக்கேன்."

போனை வைத்தேன். செல்வி அடுப்பங்கரைக்குப் போனாள். எதற்குப் போனாள் என்று தெரியவில்லை. அங்கே வேலை ஒன்றும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஐசல் பெருகிக் கிடந்தது. ஆட்கள் குழந்தைகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

மணி பன்னிரண்டரை. அங்கே ஐந்து. மேசை மேல் போன் அதிர்ந்தது. ஒரு படம். பாறை, தண்ணீர், கம்பிக்கு அந்தப் பக்கம் பொன்னிறத் தலைகள் இரண்டு, ஓர் ஓரத்தில் மச்சானின் கட்டைவிரல். படத்துக்குக் கீழே மகள் எழுதியிருந்தாள்:

"விசில் ஊதிட்டாக அப்பா. இவுக ரெண்டு பேரும் வரமாட்டேங்கிறாக."